ஆடுகளம் பெருக்கிய பல்வங்கர் பாலு

இந்தியத் துடுப்பாட்டத்தின் முதற் பெரும் பந்து வீச்சாளரெனப் போற்றப்படும் பல்வங்கர் பாலு, துடைப்பத்துடனேயே மைதானத்தினுள் முதன்முதலில் காலடி வைத்தார். தம்மாமிலும் துபாயிலும் விடுமுறை நாட் காலைகளில் வெட்டவெளிகளில் கிரிக்கெற் ஆடும் நம்மவரிற் பலர் இப்பெயரை அறிந்திருக்க மாட்டார்கள்.

1876ஆம் ஆண்டு தார்வாரில் பிறந்த பாலு, சமூகம் தீண்டத்தகாதோரென ஒதுக்கி வைத்திருந்த சமார் குலத்தவர். தந்தையார் படையில் பணியாற்றியவர். அதிகாரிகள் கழித்துவிட்ட மட்டைகளையும் பந்துகளையும் கொண்டே பாலுவும் தம்பியரும் ஆட்டத்தைப் பயின்றனர்.

பூனா நகரில் பார்சிக்காரரின் கழகமொன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. மாதச் சம்பளம் 3 ரூபா. பின்னர் ஐரோப்பியரின் பூனா கழகத்தில் 4 ரூபாவுக்குச் சேர்ந்தார். வலை கட்டுவதும் கோடிடுவதும் அவரது கடமைகள். பயிற்சிக்கு வரும் வெள்ளை அதிகாரிகளுக்குப் பந்து வீசும்படியும் பணிக்கப்பட்டார். இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசிய அப்பந்துகள் அவர்களைத் திணறடித்தன. கிரெய்க் என்னும் புகழ்பெற்ற வீரர், தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு தடவையும் எட்டணா கொடுத்தாரென்பர். ஆயினும் மட்டை மட்டும் பாலுவின் கையிற் கொடுக்கப்படவில்லை.

ஐரோப்பியரை வெல்ல விரும்பிய பூனா இந்துக்களின் கழகத்துக்கு அவரது கரம் தேவைப்பட்டது. நீண்ட வாதத்தின் பின் சேர்த்துக்கொண்டனர். மைதானத்தில் அனைவரும் அவர் தொட்ட பந்தையே தொட்டனர். தேநீர் இடைவேளையிலோ அவருக்குக் கூடாரத்துக்கு வெளியே, குடித்தபின் எறிந்துவிடும் மண் குவளையில் தேநீர் வழங்கப்பட்டது. உணவும் தனியாகவே.

பின்னர் பம்பாய்க்குச் சென்ற பாலு, இரயில்வேயில் வேலை பெற்று இந்து ஜிம்கானா அணிக்காக ஆடினார். 1906இல் அவ்வணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றபோது பாலுவும் தம்பி சிவராமும் அணியில் இருந்தனர். ஆள்வோரை ஆளப்படுவோர் வென்ற அவ்வெற்றி நாடெங்கும் பேசப்பட்டது.

1911இல் பட்டியாலா மகாராஜாவின் தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. எனினும் 35 வயதான பாலு, தோள்வலியையும் பொருட்படுத்தாது 114 விக்கெற்றுகளை வீழ்த்தினார். நாடு திரும்பியவரைப் பாராட்ட ஒடுக்கப்பட்ட மக்கள் திரண்டனர். அப்போது மாணவராயிருந்த அம்பேத்கரும் அவரைப் போற்றியோரில் ஒருவர்.

இத்தனைக்குப் பின்னரும் இந்து அணியின் தலைமைப் பதவி அவருக்கு வழங்கப்படவில்லை. அவரிலும் திறமை குறைந்தோர் குலத்தின் பெயரால் தலைவராயினர். 1920இல் பாலு அணியில் சேர்க்கப்படாமையைக் கண்டித்து தம்பியர் விட்டலும் சிவராமும் விலகினர். பொதுமக்கள் ஆதரவு பெருகவே, பாலு உபதலைவராக்கப்பட்டார். 1923இல் விட்டல் தலைவரானார். அண்ணனுக்கு மறுக்கப்பட்டதைத் தம்பி பெற்றார்.

பிற்காலத்தில் பாலு காந்தியடிகளின் பக்கம் நின்றார். 1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோரில் அவரும் ஒருவர். 1937இல் பம்பாய்ச் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரையே எதிர்த்து நின்று, ஏறத்தாழ 2,000 வாக்குகளால் தோல்வியுற்றார். முன்னர் தம்மைப் போற்றியவரை எதிர்க்க நேர்ந்தமை அவ்வாழ்வின் துயரமான முடிச்சு.

இந்தியா முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது 1932இல். அப்போது பாலுவுக்கு வயது 56. எனவே டெஸ்ட் ஏடுகளில் அவர் பெயர் இல்லை. 33 முதற்தர ஆட்டங்களில் 179 விக்கெற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 15 ஓட்டங்கள் என்ற கணக்கு மட்டும் எஞ்சியிருக்கிறது. 1955ஆம் ஆண்டு ஜூலை மாதம் பம்பாயில் காலமானார்.

உழைப்பை வரவேற்று, உழைத்தவனுக்குச் சமமான இருக்கை தர மறுக்கும் உலகை, அந்நிய மண்ணில் வாழும் நாமும் அறிவோம். மண் குவளையை ஏந்திய கையாலேயே பாலு பந்தையும் வீசினார். அவரது திறமையை ஏற்றுக்கொண்டோர் அவரை மனிதராக ஏற்கப் பல்லாண்டுகள் பிடித்தன.