முத்துச் சிப்பியும் ஹார்னெல் துரையும்

முத்துச் சிப்பி கடலுக்குள்ள தனியாவா வாழுது? இல்லவே இல்லை!

ஜேம்ஸ் ஹார்னெல் 1865-ல் பிறந்த ஆங்கிலேய விஞ்ஞானி. இலங்கைப் பக்கம் மன்னார் வளைகுடாவில் 1891-க்குப் பிறகு பல வருஷம் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. குளிக்கிறவங்க பிழைப்பு போச்சு. காரணம் தேடி 1902-ல் பேராசிரியர் ஹெர்ட்மனோடு வந்தார்.

கடலடிப் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். அங்கே பவளமும் சிப்பியும் வளரும். சிப்பிக்குள்ளே பட்டாணி அளவு நண்டு குடியிருக்கும். வீடும் சாப்பாடும் அங்கேயே! நாடாப்புழுவின் குஞ்சும் இருந்தது. சிப்பியைக் கிளாத்தி மீன் தின்னும், கிளாத்தியைத் திருக்கை தின்னும், திருக்கை வயிற்றில் புழு பெரிசாகும் என்றார்கள். அந்தக் குஞ்சைச் சுற்றித்தான் முத்து உருவாகுதுன்னும் எழுதினார்கள்.

பின்னால் வந்தவர்கள் முத்துக்குப் புழு அவசியமில்லை, சிப்பியின் மேலுறைத் திசு உள்ளே பையாக மாறினாலே போதும் என்று காட்டினார்கள். அந்த முறையில் 1973-ல் தூத்துக்குடியில் நம் விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்து எடுத்தார்கள்.

ஹார்னெல் சென்னை மாகாண மீன்துறை இயக்குநராகி, 1924-ல் ஓய்வு பெற்று, 1949-ல் மறைந்தார். அவர் சொன்ன காரணம் மாறிப்போச்சு. ஆனால் சிப்பியைத் திறந்து அவர் பார்த்த நண்டும் புழுவும் பொய்யில்லை. நாமும் எதையும் திறந்து பார்த்துக் கற்போம்! பாரைக் காப்போம்!