பந்தயக் கார் செய்த கரிவரதன்



நுங்கு வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? நம் நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நுங்கு தின்றபின் மிஞ்சும் கோந்தை இரண்டை ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி ரெடி! கடையில் வாங்கிய பொம்மைக் கார் இல்லையே என்று அழாமல், கையில் கிடைத்ததை வைத்து வண்டி செய்துவிடுகிறோம் அல்லவா? இதே வழியில் ஒருவர் நிஜமான பந்தயக் காரையே செய்து காட்டினார். அவர்தான் கோவையைச் சேர்ந்த சுந்தரம் கரிவரதன். நண்பர்கள் அன்போடு 'கரி' என்று அழைப்பார்கள்.

வண்டித் தொழிலில் தமிழர்கள் சளைத்தவர்கள் அல்ல. நம் மாவட்டத்துத் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார், 1912-லேயே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டினார். அவர் மக்களைப் பயணம் போக வைத்தார். கரிவரதனோ இளைஞர்களைப் பந்தயக் களத்துக்கு அழைத்து வந்தார்.

கரிவரதன் 1954-ல் பிறந்தார். கோவையில் புகழ்பெற்ற லட்சுமி மில் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. பஞ்சாலைகளும் இயந்திரப் பட்டறைகளும் நிறைந்த ஊர் கோவை. அவருடைய மனமோ கார் இன்ஜின் மீதே இருந்தது.

அந்தக் காலத்தில் கார் பந்தயம் எங்கே நடந்தது தெரியுமா? சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரத்தில்! இரண்டாம் உலகப் போரின்போது விமானங்கள் இறங்குவதற்காகப் போடப்பட்ட ஓடுதளம் அங்கே இருந்தது. போர் முடிந்தது, ஓடுதளம் மிஞ்சியது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. அந்தச் சங்கத்தார் அங்கே பந்தயங்களை நடத்தினார்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வீரர்கள் வருவார்கள்.

கார் பந்தயத்தில் பல வகை உண்டு, குழந்தைகளே. சாலையில் ஓடும் சாதாரணக் காரையே வலுவாக்கி ஓட்டுவது 'டூரிங் கார்' பந்தயம். நெடுந்தூரம் வேகமாகப் போவதற்கென்றே செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்கள் ஓடுவது 'கிராண்ட் டூரிங்', அதாவது ஜி.டி. பந்தயம். அமெரிக்காவில் 1963-ல் தொடங்கிய தேசிய சாலைப் பந்தய சாம்பியன்ஷிப்பில் ஜி.டி. கார்களுக்குத் தனிப் பரிசே இருந்தது. ஒருவர் மட்டும் அமர்ந்து ஓட்டும், சக்கரங்கள் வெளியே தெரியும் கார் 'ஃபார்முலா' வகை.

நம் நாட்டில் அப்போது ஓடியவை அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என விரல் விட்டு எண்ணக்கூடிய கார்களே. அவற்றைத்தான் கழற்றி, எடை குறைத்து, இன்ஜினை முடுக்கிப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார்கள். நிஜமான பந்தயக் கார் வேண்டுமானால் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். அதற்கு ஏகப்பட்ட வரி, கட்டுப்பாடு! பெரும் செல்வந்தர்களால் மட்டுமே அது முடிந்தது.

கரிவரதனிடம் பணம் இருந்தது. திறமையும் இருந்தது. சோழவரத்தில் பல முறை முந்தி வந்தவர் அவர். விலை உயர்ந்த காரில் ஏறி, தான் மட்டும் கோப்பை வாங்கிக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் எதிரே நிற்பவனிடம் நல்ல வண்டியே இல்லாதபோது, அவனை ஜெயிப்பதில் என்ன பெருமை? தன்னோடு மோதுகிறவர்களுக்கும் நல்ல கார் கிடைக்க வேண்டும் என்று அவர் உழைத்தார். இதுதான் அவருடைய பெரிய குணம்.

1983 டிசம்பரில் மாருதி 800 கார் சாலைக்கு வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. கொண்ட சின்ன இன்ஜின். குடும்பத்தோடு கடைத்தெருவுக்குப் போகிற கார் அது! அந்த இன்ஜினை எடுத்து, எடை குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தினார் கரிவரதன். கோவையில் பிறந்த அந்தக் காருக்கு 'ஃபார்முலா மாருதி' என்று பெயர். 1988-ல் அது பந்தயத்துக்கு வந்தது.

இதில் என்ன நன்மை? ஒன்று, செலவு குறைந்தது. உதிரி பாகங்கள் உள்ளூரிலேயே கிடைத்தன. இரண்டு, எல்லோரும் ஒரே வகைக் காரை ஓட்டினார்கள். எனவே யாரிடம் பணம் அதிகம் என்பதல்ல, யாருக்குத் திறமை அதிகம் என்பதே வெற்றியைத் தீர்மானித்தது. பரீட்சையில் எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுப்பது போல! இந்தக் கார்களைக் கொண்டு தேசிய சாம்பியன்ஷிப் போட்டிகள் நடந்தன. 1990-ல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனித் தளமும் திறக்கப்பட்டது.

ஆனால் விதி பொறாமை கொண்டது போலும். கரிவரதனுக்கு ஆகாயத்தில் பறப்பதிலும் ஆசை உண்டு. 1995 ஆகஸ்ட் மாதம் அவர் சென்ற சிறு இலகு ரக விமானம் விபத்துக்குள்ளாகி, அவர் உயிர் பிரிந்தது. நாற்பது வயதை ஒட்டிய இளம் பருவம். கோவையே கலங்கியது.

அவர் மறைந்தாலும் அவர் போட்ட விதை முளைத்தது. கோவைச் சிறுவன் ஒருவன் ஃபார்முலா மாருதி காரில்தான் தன் முதல் பந்தயங்களை ஓட்டினான். அவன் வளர்ந்து, 2005-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் ஆனான். அவர்தான் நாராயண் கார்த்திகேயன்! 2003-ல் கோவை அருகே செட்டிப்பாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயத் தளத்துக்குக் கரிவரதனின் பெயரையே வைத்தார்கள்.

தம்பிகளே, இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். பந்தயத் தளத்தில் எதிரே வண்டி வராது. ஓட்டுபவர் தலைக்கவசமும் தீப்பிடிக்காத உடையும் அணிந்து, இருக்கையோடு பெல்ட்டால் கட்டப்பட்டிருப்பார். மஞ்சள் கொடி காட்டினால் ஆபத்து என்று பொருள், முந்தக் கூடாது. சிவப்புக் கொடி காட்டினால் பந்தயமே நிற்கும். மருத்துவர்கள் தயாராகக் காத்திருப்பார்கள்.

வண்ணாரப்பேட்டைச் சாலையிலோ நான்கு வழிச்சாலையிலோ இந்த ஏற்பாடெல்லாம் உண்டா? ஆடு வரும், சைக்கிள் வரும், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருவார்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு! பந்தய வீரருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் உண்மையான வீரர் தெருவில் நிதானமாகப் போவார். வேகமாக ஓட்டும் அண்ணன்மாரைக் கண்டால் நீங்களே இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.

கரிவரதனிடமிருந்து நாம் கற்க வேண்டியது வேகம் மட்டுமல்ல. இல்லை என்று உட்காராமல், இருப்பதை வைத்து உருவாக்குவது. தனக்குக் கிடைத்ததைப் பிறருக்கும் கிடைக்கச் செய்வது. உங்களிடம் நல்ல மட்டையும் பந்தும் இருந்தால், இல்லாத நண்பனையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அவனே உங்களை ஜெயிக்கக் கூடும். அதனால் என்ன? ஆட்டம் இன்னும் நன்றாக இருக்குமே!