வில்லியம் பிளேஃபேர்

வில்லியம் பிளேஃபேர் (செப்டம்பர் 22, 1759 – பெப்ரவரி 11, 1823) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பொறியியல் வரைவாளரும் பொருளியல் எழுத்தாளரும் ஆவார். கோட்டு வரைபடம், பட்டை வரைபடம், வட்ட விளக்கப்படம் ஆகியவற்றைப் புள்ளிவிவரங்களை விளக்கப் பயன்படுத்திய முன்னோடியாக இவர் கருதப்படுகிறார். இன்றைய விரிதாள் மென்பொருள்களிலும் வணிக அறிக்கை மென்பொருள்களிலும் காணப்படும் அச்சுகள், அளவுக் குறியீடுகள், கட்டக் கோடுகள் ஆகியன இவருடைய நூல்களிலேயே இடம்பெற்றிருந்தன.

இளமையும் தொழிற்பயிற்சியும்

பிளேஃபேர் டண்டீ நகருக்கு அருகிலுள்ள லிஃப் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பிளேஃபேர் ஒரு கிறித்தவப் போதகர். 1772 இல் தந்தை இறந்தபின் மூத்த அண்ணன் ஜான் பிளேஃபேர் குடும்பப் பொறுப்பை ஏற்றார். இவர் பின்னாளில் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியராகவும், கணிதத்திலும் நிலவியலிலும் புகழ்பெற்ற அறிஞராகவும் விளங்கினார். நாள்தோறும் வெப்பநிலையைக் குறித்து அதனைக் கோடாக வரையும்படி ஜான் தம் தம்பியைப் பழக்கினார். எண்ணால் கூறத்தக்கதைக் கோட்டாலும் காட்டலாம் என்னும் கருத்தை அண்ணனிடமிருந்தே கற்றதாக வில்லியம் பின்னர் பதிவு செய்துள்ளார்.

கதிரடிக்கும் பொறியை உருவாக்கிய ஆண்ட்ரூ மீக்கிளிடம் இவர் தொழில் பயின்றார். 1777 இல் பர்மிங்காமில் ஜேம்ஸ் வாட்டின் வரைவாளராகவும் உதவியாளராகவும் சேர்ந்தார். பொறிப் பாகங்களை அளவு பிசகாமல் வரையும் பயிற்சி இங்கு இவருக்குக் கிடைத்தது. 1780களின் தொடக்கத்தில் அப்பணியை விட்டு லண்டனில் வெள்ளிப் பொருள்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அத்தொழில் நிலைக்கவில்லை.

வணிக, அரசியல் அட்லசு

1786 இல் இவருடைய வணிக, அரசியல் அட்லசு லண்டனில் வெளியானது. பெயர் அட்லசு எனினும் இதில் நாட்டுப்படம் எதுவும் இல்லை. இதிலுள்ள 44 வரைபடங்களில் 43 படங்கள் காலத்தோடு மாறும் தொகைகளைக் காட்டுவன. அதுவரை வணிகக் கணக்குகள் பெரும்பாலும் அட்டவணைகளாகவே அச்சிடப்பட்டு வந்தன.

டென்மார்க், நார்வே நாடுகளுடன் இங்கிலாந்து 1700 முதல் 1780 வரை செய்த வணிகத்தைக் காட்டும் படம் இவற்றுள் புகழ்பெற்றது. இதன் கீழ்க்கோட்டில் ஆண்டுகளும், வலப்பக்கக் கோட்டில் பணமும் குறிக்கப்பட்டுள்ளன. வலப்பக்கத்தின் ஒவ்வொரு அலகும் 10,000 பவுண்டு என்பது படத்தின் அடியிலேயே எழுதப்பட்டுள்ளது. இறக்குமதிக் கோடும் ஏற்றுமதிக் கோடும் 1750களின் நடுவில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அதுவரை இங்கிலாந்துக்குப் பாதகமாக இருந்த வணிக நிலுவை அதன்பின் சாதகமானதைப் படிப்பவர் ஒரே பார்வையில் அறியலாம். கோடுகளின் பெயர்கள் அவற்றின் மீதே எழுதப்பட்டுள்ளதால் தனியான குறிவிளக்கம் தேவைப்படவில்லை.

ஸ்காட்லாந்துக்குப் பல ஆண்டுகளின் தரவு கிடைக்காததால், 1780 கிறிஸ்துமசு முதல் 1781 கிறிஸ்துமசு வரையிலான ஓராண்டு வணிகத்தை மட்டும் 17 இடங்களுக்குப் பட்டைகளாக வரைந்தார். பட்டைகள் சுழியத்தில் தொடங்குவதால் அவற்றின் நீளத்தை நேரடியாக ஒப்பிட முடிகிறது. காலம் இடம்பெறாததால் பிளேஃபேர் இப்படத்தைக் குறைவாகவே மதித்தார். எனினும் பட்டை வரைபடமே பின்னாளில் வணிக அறிக்கைகளில் பெரிதும் பரவியது.

பிற்கால நூல்கள்

1801 இல் வெளியான புள்ளியியல் சுருக்க நூலில் நாடுகளின் பரப்பை வட்டங்களால் காட்டினார். துருக்கிப் பேரரசின் நிலப்பரப்பு ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா எனப் பகுக்கப்பட்ட வட்டமே அறியப்பட்ட முதல் வட்ட விளக்கப்படம் ஆகும். ஒவ்வொரு வட்டத்தின் இடப்பக்கம் மக்கள்தொகைக்கும் வலப்பக்கம் அரசின் வருவாய்க்கும் செங்குத்துக் கோடுகள் வரைந்து, அவற்றின் உச்சிகளை இணைத்தார். அந்த இணைகோட்டின் சாய்வு வரிச்சுமையை உணர்த்தும் என்பது இவர் எண்ணம். ஆனால் வட்டத்தின் விட்டமும் சாய்வை மாற்றிவிடுவதால், ஒரே வரிச்சுமை உடைய இரு நாடுகள் வெவ்வேறாகத் தோன்றும். இருவேறு அலகுகளை ஒரே படத்தில் இணைப்பதன் இடருக்கு இது ஒரு தொடக்கக்கால எடுத்துக்காட்டாகும்.

1821 இல் கோதுமை விலையையும் தொழிலாளரின் வாரக் கூலியையும் 1565 முதல் ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு ஒரே படத்தில் வரைந்தார். கூலியோடு ஒப்பிடுகையில் கோதுமை முன் எப்போதையும்விட மலிவாக உள்ளது என்பது இவருடைய வாதம். ஆனால் இரண்டும் ஒரே அளவுகோலில் வரையப்பட்டதால் கூலி அடியில் தட்டையான கோடாகவே தெரிகிறது. ஓர் அளவு கோதுமை வாங்க எத்தனை வார உழைப்பு தேவை என்னும் விகிதத்தை வரைந்திருந்தால் வாதம் தெளிவாகியிருக்கும்.

வாழ்க்கைச் சிக்கல்கள்

1787 இல் பாரிசு சென்ற பிளேஃபேர், அமெரிக்காவின் ஒகையோ பகுதி நிலங்களைப் பிரான்சு மக்களுக்கு விற்ற சியோட்டோ நிறுவனத்தில் பங்கெடுத்தார். குடியேறியோர் தாம் பெற்ற பத்திரங்கள் செல்லாதவை என அங்கு சென்றபின் அறிந்தனர். 1797 இல் லண்டனில் தொடங்கிய வங்கியும் விரைவில் வீழ்ந்தது. கடன் காரணமாக இவர் சிறையிலும் இருக்க நேர்ந்தது. 1805 இல் ஆடம் சிமித்தின் நாடுகளின் செல்வம் நூலின் 11 ஆம் பதிப்பைப் பதிப்பித்தார். 1823 இல் லண்டனில் வறுமையில் காலமானார்.

மதிப்பீடு

பிரித்தானியாவில் இவருடைய முறைகள் பல பத்தாண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. பிரான்சில் இவருக்கு நல்வரவேற்பு இருந்தது. சார்லசு யோசப் மினார் 1858 இல் நாட்டுப்படத்தின் மீது வட்ட விளக்கப்படங்களைப் பயன்படுத்தினார்.

இக்காலத்தில் அச்சின் தொடக்க மதிப்பு, உச்ச மதிப்பு, இடைவெளி ஆகியவற்றை மென்பொருளே தெரிவு செய்துவிடுகிறது. பிளேஃபேர் இவை ஒவ்வொன்றையும் தாமே முடிவு செய்ய வேண்டியிருந்தது. பொருத்தமான அச்சு உண்மையைத் தெளிவாக்கும் என்பதையும், பொருந்தாத அச்சு சரியான தரவையும் மறைத்துவிடும் என்பதையும் இவருடைய படங்கள் ஒருசேரக் காட்டுகின்றன.