நிலக்கரியின் ஆயுளைக் கணித்த பேராசிரியர்

பூமியின் வயிற்றிற் புதைந்து கிடக்கும் நிலக்கரியும் எண்ணெயும் இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குப் போதும் என்னும் கேள்வி புதிதன்று. ஒரு தேசம் முழுவதும் செவிசாய்க்கும்படி அதனைக் கணக்கோடு எழுப்பியவர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர். தர்க்க சாஸ்திரப் பாடநூல் ஆசிரியர் என்ற அளவில் அவர் பெயர் நம் நாட்டுக் கல்லூரிகளில் முன்னாளில் வழங்கிற்று. அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஜெவன்ஸ் 1835-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி லிவர்பூல் நகரிற் பிறந்தார். தந்தையார் இரும்பு வணிகர். பத்து வயதிலேயே அன்னையை இழந்தார். 1848-இல் குடும்ப வணிகம் முறிந்து செல்வமெல்லாம் அழிந்தது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ரசாயனம் பயின்றுகொண்டிருந்தவரை வறுமை கடல்கடந்து செல்லத் தூண்டிற்று. 1854-இல், பத்தொன்பதாம் பிராயத்தில், ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து நாணயசாலையிற் பொன்னின் மாற்றுக் காணும் உத்தியோகத்தை ஏற்றுக் கப்பலேறினார். அங்கே ஐந்தாண்டுகள் இருந்தார். அக்காலத்திலேயே தந்தையாரும் காலஞ்சென்றார். உத்தியோகம் நல்ல ஊதியம் அளிப்பதாயிருந்தும், கல்வியின்பால் எழுந்த வேட்கையால் அதனைத் துறந்து தாயகம் மீண்டு, விட்ட படிப்பைத் தொடர்ந்து பட்டங்கள் பெற்றார்.

1865-இல், தமது இருபத்தொன்பதாம் வயதில், நிலக்கரிப் பிரச்சினை பற்றிய அவரது நூல் வெளிவந்தது. எட்வர்ட் ஹல் என்னும் நிலநூல் வல்லார், பிரிட்டனில் நாலாயிரம் அடி ஆழம் வரை ஏறக்குறைய 8,000 கோடி டன் நிலக்கரி உண்டென மதிப்பிட்டிருந்தார். 1861-இல் அந்நாடு தோண்டியெடுத்தது ஏறக்குறைய 8.4 கோடி டன்னே. எனவே ஆயிரம் ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று மக்கள் களிப்புற்றிருந்தனர். ஜெவன்ஸோ, செலவு ஓரிடத்தில் நிற்பதன்று, ஆண்டுதோறும் நூற்றுக்கு மூன்றரை வீதம் வளர்வது என்று சுட்டிக்காட்டினார். அவ்வாறு வளர்வது இருபதாண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்த வீதத்தில் 110 ஆண்டுகளுக்குள் வேண்டப்படும் கரி 10,000 கோடி டன்னுக்கும் மேலாகும். ஆயிரம் ஆண்டு என்று எண்ணியது ஒரு நூற்றாண்டாய்ச் சுருங்கிற்று.

எனினும், ஒருநாள் சுரங்கங்கள் திடீரென வெறுமையாகும் என்று அவர் அஞ்சினாரல்லர். மேலாக உள்ள கரி முடிந்தபின் ஆழச் செல்ல வேண்டும்; ஆழம் மிகமிகச் செலவும் விலையும் மிகும்; கரி மலிவாய்க் கிடைக்கும் பிற நாடுகள் முந்திக்கொள்ளும். இதுவே அவர் கண்ட அபாயம்.

சிக்கனமான இயந்திரங்களைச் செய்தால் தீராதோ என வினவியோர்க்கு அவர் தந்த விடையே அந்நூலின் உயிர்நிலை. ஸ்காட்லாந்தில் இரும்புருக்கும் உலைக்குள் சுடுகாற்றைச் செலுத்தும் முறை வந்தபின், ஒரு டன் இரும்புக்கு வேண்டிய கரி மூன்றில் ஒரு பங்கினும் குறைந்தது. ஆனால் 1830-க்கும் 1863-க்கும் இடையே அங்கே செலவான மொத்தக் கரி பத்து மடங்காயிற்று. சிக்கனத்தால் இரும்பு மலிந்தது. மலிந்ததனால் அதனை விரும்புவோர் பெருகினர். இம்முரண் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

நூலின் புகழ் பாராளுமன்றத்தை எட்டியது. மில் அதனை எடுத்துப் பேசினார். கிளாட்ஸ்டன் நாட்டுக் கடனைக் குறைப்பதற்கு அதனை ஆதாரமாகக் கொண்டார். 1866-இல் நிலக்கரி பற்றி விசாரிக்க அரசாங்கக் குழு ஒன்று நியமிக்கப்பெற்றது. அவ்வாண்டே ஜெவன்ஸ் மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியிற் பேராசிரியரானார். 1871-இல் பொருளாதாரக் கொள்கை பற்றிய பெருநூலை வெளியிட்டார். தர்க்க முடிவுகளைத் தானே காட்டும் இயந்திரம் ஒன்றையும் அமைத்தார். சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் வாட்டியபோது, சூரியனிலுள்ள கறைகளையும் இந்தியாவின் விளைச்சலையும் இங்கிலாந்தின் வணிக நெருக்கடிகளையும் ஒரு சங்கிலியில் இணைக்க முயன்றார். அறிஞருலகம் அதனை ஏற்கவில்லை. 1882 ஆகஸ்டு 13-ஆம் தேதி, ஹேஸ்டிங்ஸ் அருகே கடலில் நீராடுங்கால் மூழ்கி, நாற்பத்தாறாம் வயதில் உயிர் நீத்தார். காகிதத்துக்கும் பஞ்சம் வருமென்று அஞ்சி அவர் வாங்கிக் குவித்த தாளை, அவர் மறைந்து ஐம்பதாண்டு கழிந்தும் அவர் மக்களால் செலவிட்டுத் தீர்க்க முடியவில்லை என்பர்.

அவர் கணிப்பு பலித்ததா? 1961-இல் பிரிட்டனுக்கு 260 கோடி டன் வேண்டியிருக்கும் என்பது அவர் கணக்கு. உண்மையில் 20 கோடி டன்னும் வேண்டியிருக்கவில்லை. பெட்ரோலியம் பெறவிருந்த பெருமையை அவர் உணரவில்லை. ஆயினும் 1913-இல் ஏறக்குறைய 29 கோடி டன்னை எட்டிய பிரிட்டனின் நிலக்கரி உற்பத்தி பின்னர் அவ்வளவு உயரவேயில்லை. 2015-இல் அதன் கடைசி ஆழ்சுரங்கமும், 2024-இல் கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டன. கரி தீர்ந்துவிடவில்லை, தோண்டுதல் கட்டுபடியாகவில்லை, எரித்தலும் தகாததாயிற்று.

தென்காசிப் பகுதியினராகிய நமக்கு இவ்வரலாறு அயலன்று. 1904-இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு மலையைக் குடைந்து சென்ற புகைவண்டி நிலக்கரியால் ஓடியதே. காற்று நினைத்தபோது வீசாது, ஆறு வேண்டிய இடத்தில் பாயாது என்று ஜெவன்ஸ் அவற்றைத் தள்ளினார். ஆனால் 1944 முதல் பாபநாசத்து அருவிநீர் மின்சாரம் தருகின்றது. செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து குற்றாலத்துக்குச் சாரலைத் தரும் அதே தென்மேல் காற்று, கிழக்கே சமவெளியிற் காற்றாலைகளைச் சுழற்றுகின்றது. சாரற்பருவம் நீங்கினால் அவற்றின் வேகம் தளர்வதும் உண்மையே. அந்த மட்டில் அவர் கூறியது பொய்யன்று. கதிரவன் ஒளியை மனிதர் என்றேனும் திரட்டக் கூடும், திரட்டினால் இங்கிலாந்தின் தனியேற்றம் ஒழியும் என்றும் அவர் எழுதியிருந்தார். வெயில் மிகுந்த நம் நாட்டுக்கு அது நற்செய்தியன்றோ?

இன்று தெரிந்துள்ள எண்ணெயும் வாயுவும் இப்போதைய செலவிற்கு ஏறக்குறைய ஐம்பதாண்டும், நிலக்கரி நூறாண்டுக்கு மேலும் வரும் என்று கணக்கிடுகின்றனர். புதிய ஊற்றுக்கள் காணப்படுந்தோறும் இவ்வெண்கள் நீளும். செலவு பெருகுந்தோறும் குறுகும். எரிப்பதால் எழும் கரியமில வாயு உலகை வெப்பமாக்குவதால், உள்ளதையெல்லாம் எரித்துத் தீர்க்கவும் இயலாது. எனினும், காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் பெருகிய 2024-ஆம் ஆண்டிலேதான் உலகம் முன்னெந்த ஆண்டினும் மிகுதியாக, ஏறக்குறைய 880 கோடி டன் நிலக்கரியைச் செலவிட்டது. புதிய சக்தி பழையதன் இடத்தைப் பிடியாமல் அதன்மேல் ஏறிக்கொண்டது. ஜெவன்ஸின் முரண் இன்னும் நம்மை ஆளுகின்றது.

ஆகவே மாணவ நண்பர்காள், எத்தனை ஆண்டுக்கு வரும் என்று மட்டும் கேட்டு நிற்றல் போதாது. கரியால் வந்த செல்வம் உள்ளபோதே நாட்டின் கடனைத் தீர்க்கவும், ஆலைகளில் உழலும் சிறுவரைப் பள்ளிக்கு அனுப்பவும் வேண்டுமென்று ஜெவன்ஸ் வற்புறுத்தினார். எரிந்தது மீளாது. அது எரியும் ஒளியில் எதைக் கற்றோம், எதைக் கட்டினோம், யாரை வாழவைத்தோம் என்பதே பின்வருவோர் நம்மிடம் கேட்கும் கணக்காகும்.