தசைக்குள்ள இருக்கும் 'பேட்டரி'யைக் கண்டுபிடிச்ச நைட் ஷிஃப்ட் டாக்டர்! - எல்லப்பிரகட சுப்பாராவ் கதை

வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் ஷிஃப்ட் முடிச்சிட்டு நேரா ஜிம்முக்குப் போற ஆளா நீங்க? அப்படின்னா கிரியேட்டின் பவுடர் டப்பாவை நிச்சயம் பார்த்திருப்பீங்க. அந்த கிரியேட்டின் நம்ம தசைக்குள்ள என்ன வேலை செய்யுதுன்னு உலகத்துக்குக் காட்டியவர்களில் ஒருவர், சென்னையில் மருத்துவம் படித்தவர். பகலில் படித்து, இரவில் ஆஸ்பத்திரியில் பெட்பேன் கழுவியவர். பெயர், எல்லப்பிரகட சுப்பாராவ்.

அவர் கதைக்கு முன்னாடி, உங்க கைக்குள்ள ஒரு எட்டு பார்த்துடலாம்.

கயிறு இழுக்கும் கைகள்

தசை நாரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் குறுக்கே கோடு கோடாகத் தெரியும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கும் கட்டத்துக்கு சார்கோமியர் என்று பெயர். தசை சுருங்குவதற்கான அடிப்படை அலகு இதுதான். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 400 சார்கோமியர்கள் வரிசையாக நிற்கும்.

உள்ளே இரண்டு வகை இழைகள் இருக்கு. மெல்லியது ஆக்டின், தடித்தது மயோசின். மயோசினில் குட்டிக் குட்டித் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். கிணற்றில் தண்ணி இழுக்கும்போது கயிற்றைப் பிடிச்சு, இழுத்து, விட்டு, மறுபடி பிடிப்போமே... அதே வேலையைத்தான் இந்தத் தலைகள் ஆக்டினில் செய்யுது. இழைகள் எதுவும் குட்டையாவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகுது, அவ்வளவுதான். அதில் சார்கோமியர் சுருங்குது, கை மடங்குது.

இதுக்குச் செலவாகும் காசுதான் ஏ.டி.பி என்ற மூலக்கூறு. பிடிச்ச பிடியை விடணும்னாகூட ஏ.டி.பி வேணும். இறந்தவர் உடல் விறைத்துப்போவதற்குக் காரணமே, ஏ.டி.பி தீர்ந்து அந்தப் பிடி அப்படியே பூட்டிக்கொள்வதுதான்.

ஆனால், தசையில் இருக்கும் ஏ.டி.பி முழு வேகத்தில் வேலை செய்தால் சில நொடிகளுக்குத்தான் வரும். அப்போ கைகொடுப்பது பாஸ்போகிரியேட்டின். பவர் கட் ஆனதும் உடனே வேலைக்கு வரும் இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி.

ரெண்டு தடவை ஃபெயில்

சுப்பாராவ் பிறந்தது 1895 ஜனவரி 12-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை ஃபெயில். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது முறைதான் பாஸ். பிறகு மாநிலக் கல்லூரி, அடுத்து சென்னை மருத்துவக் கல்லூரி.

காந்தி கூப்பிட்ட காலம் அது. சுப்பாராவ் கதர் அங்கியோடு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கலை. விளைவு, முழு எம்.பி.பி.எஸ் பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ் சான்றிதழோடு வெளியே வந்தார். சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் எடுத்தார்.

அதற்குள் வீட்டில் பேரிடி. ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு, சில நாள் இடைவெளியில் இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தார். அந்த நோய்க்கு அப்போது உருப்படியான மருந்தே இல்லை.

பாஸ்டனில் நைட் ஷிஃப்ட்

1922-ல் கர்ப்பிணி மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பாஸ்டனில் இறங்கும்போது கையில் பெரிதாகப் பணமில்லை. ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்தபடியே, ஆஸ்பத்திரியில் இரவு நேர எடுபிடி வேலை. ஊரில் பிறந்த மகன் கைக்குழந்தையாகவே இறந்துபோனான். அவன் முகத்தை அப்பா பார்க்கவே இல்லை.

படிப்பு முடிந்ததும் சைரஸ் ஃபிஸ்க்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார். ரத்தத்தில், சிறுநீரில் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்குன்னு அளக்க 1925-ல் இருவரும் ஒரு முறையைக் கொண்டுவந்தாங்க. பாஸ்பரஸ் இருந்தால் திரவம் நீலமாக மாறும். தசைச் சாற்றில் சோதித்தபோது மட்டும், அந்த நீலம் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தது.

வேற யாராவது இருந்தால் சோதனையில் கோளாறுன்னு விட்டிருப்பாங்க. இவங்க துருவிப் பார்த்தாங்க. பாஸ்பரஸ் வேறொன்றோடு ஒட்டிக்கொண்டு, மெதுவாக விடுபடுவது தெரிந்தது. 1927-ல் அது பாஸ்போகிரியேட்டின் என்று அறிவித்தாங்க. 1929-ல் ஏ.டி.பி-யையும் பிரித்தெடுத்தாங்க. அதே ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டுபிடித்திருந்தார். தசையை இயக்குவது லாக்டிக் அமிலம்தான் என்று, நோபல் வாங்கியவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

பெயர் மட்டும் வரலை

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கலை. அவர் பிரித்தெடுத்த வேறு சில பொருள்கள் வெளியே வராமல்போக ஃபிஸ்க்கின் பொறாமையே காரணம் என்று, அதே ஆய்வகத்தில் இருந்து பின்னாளில் நோபல் பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் சொல்லியிருக்கிறார்.

1940-ல் நியூயார்க் மாநிலத்தின் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். 1945-ல் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அது ஸ்ப்ரூ நோயைக் குணப்படுத்தியது. ஆமாம், அவர் சகோதரர்களைக் கொண்டுபோன அதே நோய்!

அடுத்து, யானைக்கால் நோய்க்கு நம்ம ஊரில் இன்றும் கொடுக்கும் டி.இ.சி மாத்திரை. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு முதல்முறையாக நோயைத் தற்காலிகமாகவாவது அடக்கிய அமினோப்டெரின். அவர் தலைமையில் இருந்த பெஞ்சமின் டக்கர் கண்டெடுத்த ஆரியோமைசின். எல்லாம் எட்டே ஆண்டுகளில்!

1948 ஆகஸ்ட் மாதம், 53 வயதில், தூக்கத்திலேயே இறந்துபோனார். சேஷகிரியை மறுபடி அவர் பார்க்கவே இல்லை. நோபலும் இல்லை.

ஆக்டினும் மயோசினும் வழுக்கும் ரகசியத்தை இரண்டு ஆய்வுக் குழுக்கள் வெளியிட்டது 1954-ல். அந்த வழுக்கலுக்கு எரிபொருள் எதுன்னு கால் நூற்றாண்டுக்கு முன்பே காட்டியவர், அப்போது இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது 1995-ல், அவரது நூற்றாண்டில்.

அடுத்த முறை ஏ.டி.பி-ன்னு கூகுளில் தட்டும்போது, பக்கத்திலேயே சுப்பாராவ்னும் சேர்த்துத் தட்டிப் பாருங்க மக்களே!