நிலத்தின் செய்தியைப் படித்த ஓல்டாம்

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி கடல் பொங்கி மருதமுனைக் கரையை அழித்த கதையை, நம்மில் இளையோர் பெரியோர் சொல்லக் கேட்டே அறிவோம். அக்கடலலை சுமாத்திராவிலிருந்து இங்கு வரச் சுமார் இரண்டு மணி நேரமாயிற்று. ஆனால், அங்கு நிலம் பிளந்த அதிர்ச்சியோ சில நிமிடங்களிலேயே நம் நிலத்தினூடே கடந்து போயிற்று. கண்டியை அடுத்த பல்லேகலையிலிருந்த கருவி அதனைப் பதிந்தது. கரையிலிருந்த நமக்குச் சேதி வரவில்லை. நிலம் அனுப்பும் அத்தகைய செய்தியைப் படிக்க வழிகாட்டிய பெரியார் றிச்சட் டிக்சன் ஓல்டாம் ஆவார்.

1858இல் டப்ளின் நகரிற் பிறந்த இவர், 1879இல் இந்திய நிலவியல் ஆய்வுத் திணைக்களத்திற் சேர்ந்தார். முன்னர் அதன் தலைவராயிருந்தவர் இவருடைய தந்தையார் தோமஸ் ஓல்டாம். 1869இல் நிகழ்ந்த கச்சார்ப் பூகம்பத்தைப் பற்றித் தந்தையார் குறையாக விட்டுச்சென்ற ஆராய்ச்சியை மைந்தரே நிறைவுசெய்து வெளியிட்டார்.

1897 ஆனி 12ஆந் திகதி அசாமைப் பெரும் பூகம்பம் உலுக்கிற்று. சில்லோங் நகரின் கற்கட்டடங்கள் தரைமட்டமாயின. சுமார் 1,500 பேர் மாண்டனர். ஓல்டாம் அவ்விடிபாடுகளை ஆராய்ந்ததோடு, தொலைவிலுள்ள இத்தாலியின் கருவிகள் வரைந்த கோடுகளையும் நுணுகி நோக்கினார். ஒரே அதிர்ச்சி மூவகை அலைகளாய் வந்திருத்தலைக் கண்டார். முதலலை நிலத்தை முன்னும் பின்னும் நெருக்கிச் செல்லும். இரண்டாவது குறுக்கே அசைத்துச் செல்லும். மூன்றாவது மேற்பரப்பிலே தவழ்ந்து பிந்தி வரும்.

சந்தையிலே பானை வாங்குவோர் தட்டிப் பார்த்து அதன் நலனறிவரன்றோ? ஓல்டாமும் அவ்வாறே உலகத்தின் உள்ளை அறிந்தார். பூமியின் ஆழத்தினூடே நெடுந்தூரஞ் சென்ற அலைகள் எதிர்பார்த்த வேளைக்குப் பிந்தி வந்தன. ஆதலால் நடுவே வேறு பொருளாலான உட்கரு ஒன்று உண்டென 1906இல் நிறுவினார். அக்கருவினுள்ளே இன்னொரு கரு உண்டென்பதை டென்மார்க்கு நாட்டு அம்மையார் இங்கே லேமன் 1936இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே ஓல்டாம் காலமானார்.

இன்று பூகம்பம் வருமட்டும் காத்திராமல், நாமே சிற்றதிர்ச்சியை உண்டாக்கி, திரும்பி வரும் அலைகளைக் கொண்டு நிலத்தடிப் பாறைகளைப் படமாக்குகின்றோம். மன்னார்க் கடற்படுகையில் 2011இல் இயற்கை வாயு கண்டதும் இத்தகைய ஆய்வின் பின்னரே துளையிட்டதனாலாகும்.

பேரழிவின் நடுவே நின்றும் கற்கவேண்டியதைக் கற்றவர் ஓல்டாம். கருவி அறிந்ததைக் கரையிலுள்ளோர் அறியாதிருந்த அந்நாள் மீண்டும் வாராதிருக்க, இளைஞராகிய நாம் இக்கலையைப் பயில்வோமாக.