நீதியரசர் பெஞ்சமின் கார்டோசோ

நீதிபதி என்பார் நியமனத்தாற் பதவி பெறுபவர் என்பதே நம் நாட்டவர் அறிந்த வழக்கம். அபேட்சகராய் நின்று, வாக்குக் கேட்டு, எதிரியை வென்று ஒருவர் நீதியாசனம் ஏறுதல் நமக்கு வியப்பூட்டுஞ் செய்தியாகும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இவ்வழக்கம் நெடுங்காலமாக உண்டு. கட்சியின் தயவால் ஆசனம் பெற்றவர் அக்கட்சிக்கு அஞ்சாது தீர்ப்பளித்தல் கூடுமோ என நாம் ஐயுறுதல் இயல்பே. அவ்வையத்துக்கு ஒரே குடும்பத்தில் இருவேறு விடைகள் தோன்றின. ஒன்று தந்தையின் வாழ்வு. மற்றொன்று மைந்தரின் வாழ்வு. அம்மைந்தரே பெஞ்சமின் நேதன் கார்டோசோ ஆவர்.

அவர் 1870ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி நியூயோர்க் நகரிலே, பழைமையான யூதர் குடியொன்றில், எமிலி என்னுஞ் சகோதரியோடு இரட்டையராய்ப் பிறந்தார். தந்தையார் அல்பேட் கார்டோசோ அம்மாநிலச் சுப்பிறீம் கோட்டு நீதிபதி. அம்மாநிலத்திற் சுப்பிறீம் கோடு என்பது பெயராற் பெரிதாயினும் வழக்கை முதலில் விசாரிக்கும் மன்றேயாகும். அனைத்துக்கும் மேலானது அல்பனி நகரிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம். அந்நாளில் நகர ஆட்சியைத் தன் கைப்பிடியில் வைத்திருந்த தமனி மண்டபம் என்னும் கட்சிக் குழுவின் ஆதரவினால் அல்பேட் ஆசனம் பெற்றவர். கட்சித் தலைவருக்கும் தமக்கும் வேண்டியோருக்கு நீதிமன்ற நியமனங்களால் ஊதியந் தேடிக் கொடுத்தார் என்பது முதலாய குற்றச்சாட்டுக்கள் அவர்மீது எழுந்தன. சட்டசபை விசாரணை நெருங்கவே, பதவிநீக்கத்துக்குத் தப்புமாறு 1872இல் தாமே விலகினார். அப்பொழுது மைந்தருக்கு வயது இரண்டளவே. அறியாப் பருவத்திலேயே குடும்பப் பெயரின்மேல் மாசு படிந்துவிட்டது.

தாயார் 1879இலும் தந்தையார் 1885இலும் காலமாயினர். நெல்லி என அழைக்கப்பட்ட தமக்கையார் எலென் அவரைத் தாய்போற் பேணி வளர்த்தார். பதினைந்து வயதிற் கொலம்பியாக் கல்லூரி புகுந்த கார்டோசோ 1889இற் பட்டம் பெற்றார். பின் சட்டம் பயின்றும், சட்டப் பட்டம் பெறாமலே 1891இல் நியாயவாதியானார். தந்தையார் விட்டுச் சென்ற அதே சட்ட அலுவலகத்தில், தமையனாரோடு சேர்ந்து தொழில் நடத்தினார் என்பது நாம் ஊன்றி நோக்கற்பாலது. 1903இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் அதிகார எல்லை பற்றி ஒரு நூல் எழுதினார். சக நியாயவாதிகள் தம் கடினமான வழக்குகளை அவரிடம் கொண்டுவரலாயினர். அவர் மணஞ் செய்திலர். தமக்கையார் 1929இல் மறையும்வரை அவரைப் பிரியாது வாழ்ந்தார்.

1913ஆம் ஆண்டுத் தேர்தலில், தமனி மண்டபத்தை எதிர்த்த கூட்டணியினர் கார்டோசோவைச் சுப்பிறீம் கோட்டு நீதிபதிப் பதவிக்கு நிறுத்தினர். மிகச் சிறிய வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். தந்தை எக்குழுவின் துணையால் உயர்ந்து வீழ்ந்தாரோ, அக்குழுவை எதிர்த்து நின்று, அதே மன்றில் நாற்பத்தோராண்டுகளின் பின் மைந்தர் அமரும் உரிமை பெற்றார். 1914 சனவரியிற் பதவியேற்றவரை, மறுமாதமே மாநில ஆளுநர் மேன்முறையீட்டு மன்றிற் பணியாற்ற நியமித்தார். அம்மன்றில் அமர்ந்த முதல் யூதர் அவரே. 1917இல் அங்கே நிலையான ஆசனத்துக்கு நடந்த தேர்தலில் இரு பெருங் கட்சிகளும் அவரையே தம் அபேட்சகராக ஏற்றன. தவணை பதினான்கு ஆண்டுகள். 1926இற் பிரதம நீதியரசர் பதவிக்கும் இரு கட்சிகளும் அவரையே முன்மொழிந்தன. முதற்றேர்தலில் அரிதின் வென்றவர் பின்னர் இரு திறத்தாருக்கும் உரியவரானது, இடைக்காலத்தில் அவர் எழுதிய தீர்ப்புக்களாலேயாம்.

அவற்றுள் 1916இல் எழுந்த ஒன்று தலையாயது. ஒருவர் வியாபாரியிடம் வாங்கிய பியூயிக் மோட்டார் வண்டியின் மரச் சில்லு நொறுங்கியதால் அவர் காயமுற்றார். வண்டியைச் செய்த கம்பனிக்கும் அவருக்குமிடையே நேரடி ஒப்பந்தம் இல்லை. எனினும், கவனமின்றிச் செய்தால் உயிருக்கு ஆபத்தாகும் பொருளைச் செய்வோர், அதனைப் பயன்படுத்துவோர்பாற் கடமையுடையர் எனக் கார்டோசோ தீர்த்தார். 1932இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையில், போத்தலிற் கிடந்த நத்தை பற்றிய வழக்கில், அற்கின் பிரபு இத்தீர்ப்பை ஆதரவாகக் கொண்டார். அந்நத்தை வழக்கை நம் சட்ட மாணவரும் அறிவர்.

அவர் தீர்ப்புக்கள் யாவும் எளியோர் பக்கமே சாய்ந்தன என நாம் சொல்லமாட்டோம். புகையிரத நிலையத்தில் ஒரு பயணியின் பொதியிலிருந்த வாணங்கள் வெடிக்க, தூரத்தே நின்ற பெண்ணொருத்தியின்மேல் நிறுவைத் தராசு விழுந்தது. யூரிமார் அவளுக்கு அளித்த 6,000 டொலர் நட்டஈட்டை 1928இல் மேன்முறையீட்டு மன்று நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் நீக்கியது. முன்னறிய இயலாத தீங்குக்குக் கம்பனி பொறுப்பாகாது என அத்தீர்ப்பை எழுதியவர் கார்டோசோவே. வழக்குச் செலவும் அவ்வேழைப் பெண்ணின் தலையிற் சுமந்தது. அதனைக் கடுமையென்பாரும் நெறியென்பாரும் இன்றும் உளர்.

1932இற் சனாதிபதி ஹூவர், தாம் குடியரசுக் கட்சியினராயிருந்தும், சனநாயகக் கட்சியினரான கார்டோசோவை ஐக்கிய நாட்டு உயர்நீதிமன்றுக்கு நியமித்தார். செனற் சபை ஒருமனதாய் ஏற்றது. அங்கே 1937இல், முதியோர் உதவிச் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பெழுதி, 1938 யூலை 9ஆந் திகதி காலமானார்.

நியூயோர்க் மேன்முறையீட்டு மன்றுக்குத் தேர்தல் நடத்தும் வழக்கத்தை அம்மாநிலம் 1977இல் நீக்கியது. முறையைத் திருத்துதல் நன்றே. ஆயினும், வாக்கினால் வந்த தந்தையும் மைந்தரும் ஒரே முறையின்கீழ் வந்தவர்கள். ஆசனத்திற் கண்ட பின்னரே இருவரும் வேறாயினர். பதவி பெறும் வழியிலும் பெற்றபின் நடக்கும் வழியே பெரிது என்பதை, நாளை பொறுப்பேற்கவிருக்கும் நம் கல்லூரி மாணவர் நினைவிற் கொள்வாராக.